தெற்குக் கோலுக்குப் புல்

புதன்கிழமை விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வெனெட்டாவும் அவள் அப்பாவும் பிளேக்ஸ் மைதானத்தில் கயிறு இழுத்தார்கள்.

நாற்பது மீட்டர் கயிறு. படகுக்காரர்கள் கழித்துப் போட்டது. ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவர் கையில். தரையில் உரசவிட்டபடி இருவரும் சமமாக நடந்தால் புல் நுனியில் நிற்கும் பனியெல்லாம் உதிர்ந்துவிடும். பனி நின்றால் பூஞ்சை பிடிக்கும். வாரத்தில் மூன்று நாள், அவளுக்கு விடிகாலை வேலை இல்லாத நாட்களில், ஆறு வருடமாக இது நடந்துவந்தது.

“கயித்தைத் தூக்காதே. தரையில படணும்.”

“படுதுப்பா.”

“உன் பக்கம் படலை.”

“இந்த இருட்டுல உங்களுக்கு எப்படித் தெரியுது?”

“என் கையில கனம் கூடுது.”

சரியான பதில். கருவிகளோடு பிழைப்பவள் அதை மறுக்க முடியாது. கையைத் தாழ்த்தினாள்.

வழக்கமாகப் பத்து நிமிட வேலை. அன்றைக்குப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. நடுவட்டத்தில் ஒரு தடவை அவர் நின்றார். ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அவர் காலில் இருந்தது ரப்பர் பூட்ஸ். அதில் கட்ட ஒன்றும் கிடையாது. இது வெனெட்டாவுக்குப் பிறகுதான் உறைத்தது.

அதன்பின் அவர்கள் சேர்ந்து செய்த வேலை எதுவும் வழக்கமான வேலை இல்லை.

தியோபிலஸ் ஸ்வீனி என்றால் மொன்செராட் தீவில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘கீப்பர்’ என்றால் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். தெற்கே கின்சேலில் பிறந்தவர். பதினாறு வயதில் பிளிமத் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். இருபத்து மூன்றிலிருந்து முப்பத்தாறு வரை தீவின் கால்பந்து அணிக்குக் கோல்கீப்பர். அந்தப் பதின்மூன்று வருடத்தில் அணி ஜெயித்த ஆட்டங்களை ஒரு கை விரலால் எண்ணிவிட்டு, மீதி விரலால் மூக்கும் சொறியலாம் என்று அவரே சொல்வார்.

விமானத்துக்கு வழியில்லாத காலம். வெங்காயம் ஏற்றிப் போகும் பாய்மரக் கப்பலில் இரண்டு நாள் மூட்டை மேல் படுத்து, வாந்தி எடுத்து, தெற்கே ஒரு தீவில் இறங்கி, அன்று மாலையே ஆடினார்கள். பதினொரு கோல் வாங்கினார். அன்றிலிருந்து ரொட்டிக் கடையிலும் சர்ச் வாசலிலும் “ஏய் பதினொண்ணு!” என்று யாராவது கூப்பிடுவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் பதில் சொல்வார்: “ஏழாவது மட்டும் என் தப்பு. மத்த பத்தும் கடலோட தப்பு.”

தெற்கே எரிமலை விழித்துக்கொண்ட வருடம் எல்லோரையும் வடக்கே போகச் சொன்னார்கள். லாரியில் ஆளுக்கு இவ்வளவு சாமான் என்று அளவு. அம்மா மெர்ல் தையல் மிஷினை வாசல்வரை தூக்கி வந்து வைத்தாள். அப்பா மைதானத்துக்கு ஓடிப்போய் இரண்டு கோல் வலைகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்து லாரியில் போட்டார். மிஷினுக்கு இடமில்லை. பிளிமத் மைதானம் இப்போது பத்து மீட்டர் சேற்றுக்கும் பாறைக்கும் கீழே இருக்கிறது. அம்மா இரண்டு வருடம் முகாம் கட்டிலில் படுத்துப் பார்த்துவிட்டு பர்மிங்ஹாமுக்குப் போனாள். வெனெட்டா அப்பாவோடு இருந்தாள். டிரினிடாடில் மின்னணுவியல் படித்துவிட்டுத் திரும்பி வந்து, மலையைக் கண்காணிக்கும் நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள்.

தீவில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். அணியின் பெரும்பகுதியும் அங்கேயே போயிற்று. பாட்டியின் பிறப்புச் சான்றிதழைக் காட்டிச் சட்டை வாங்கிக்கொண்ட பையன்கள். சொந்த மண் ஆட்டம் என்று பட்டியலில் போட்டிருக்கும், ஆடுவது பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவில். ஏழு வருடம் அப்படியே ஓடிற்று. அந்த ஏழு வருடத்தில் அப்பா பிளேக்ஸில் கல் பொறுக்கி, அருகம்புல்லைக் கணுக் கணுவாக நட்டு, ஒரு மைதானத்தை உண்டாக்கியிருந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மேட்ச் கமிஷனர், அதாவது மைதானத்தைச் சோதித்து ஒப்புதல் தருகிறவர், ஹெலிகாப்டரில் வருகிறார். அவர் தலையசைத்தால் ஆட்டம் இங்கே. இல்லாவிட்டால் ஆன்டிகுவா.

“ஆன்டிகுவான்னா என்னப்பா, பக்கத்துலதானே?” என்று அவள் ஒருதடவை கேட்டிருந்தாள்.

“கோல்ல நிக்கறானே நேத்தன் ஃபாரல், அவன் பாட்டி கின்சேல்ல மீன் வித்தவ. எனக்குக் கடனுக்குக் குடுத்திருக்கா. அவன் இந்த மண்ணைப் பார்த்ததே இல்ல. மூணு வருஷமா நம்ம சட்டையைப் போட்டுக்கிட்டு யாரோ ஊர்ல நின்னு கோல் வாங்கறான். வாங்கறதை இங்க நின்னு வாங்கட்டும்.”

நேத்தன் லண்டனிலிருந்து இரண்டு தடவை போன் செய்திருந்தான். பூட்ஸுக்கு நீள ஆணியா, குட்டை ஆணியா என்று கேட்க. “குட்டை,” என்றார் அப்பா. “நீள ஆணி போட்டு என் புல்லைக் கிழிச்சே, கோல் கம்பத்துல கட்டி வச்சுடுவேன்.”

புதன் பகல் பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நிலையத்தின் திரையில் நில அதிர்வுக் கோடு தடித்தது. பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மலை முகட்டிலிருந்து சாம்பல் எழுந்தது. பெரிய வெடிப்பு இல்லை. வருடத்தில் முந்நூறு நாள் காற்று கிழக்கிலிருந்து வீசும். சாம்பல் மேற்கே கடலுக்குப் போய்விடும். வெனெட்டா காற்றுமானியைப் பார்த்தாள். தெற்குக் காற்று. சாம்பல் வடக்கே வரும்.

அறிவிப்பு ரேடியோவில் போகுமுன் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. கைபேசி அடித்தது.

“இங்கிருந்து பார்த்தா ஒரு வால் தெரியுது. வடக்கே வருதா?”

“ரேடியோ கேளுங்கப்பா.”

“நீ எனக்கு ரேடியோ இல்லையா?”

அவள் மேலதிகாரியின் முதுகைப் பார்த்தாள். “கொடியில துணி காயுது. உள்ள எடுத்துப் போட்டுடுங்க.”

மறுமுனையில் ஓடும் சத்தம். அன்று அவர்கள் வீட்டுக் கொடியில் துணி எதுவும் இல்லை.

அவரிடம் இருந்தது ஒரே தார்ப்பாய். முகாமில் கூரையாக இருந்தது. வடக்குக் கோலுக்கு முன்னால் அதை விரித்து நான்கு மூலையிலும் கல் வைக்க நேரம் கிடைத்தது. தெற்குக் கோலுக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டரைக்கு மைதானம் சாம்பல் நிறமாயிற்று. வெனெட்டா மாலையில் வந்து அளவுகோலைச் செருகிப் பார்த்தாள். நடுவில் நான்கு மில்லிமீட்டர். தெற்கு முனையில் ஆறு.

சாம்பல் விழுந்தால் தீவில் ஒவ்வொரு வீடும் ஒரு பந்தயம் கட்டும். கையால் பெருக்குவதா, மழைக்கு விடுவதா. காய்ந்த சாம்பல் மாவு மாதிரி, பெருக்கி அள்ளிவிடலாம். அடித்துப் பெய்யும் மழையும் அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். தூறல்தான் எமன். தூறல் பட்ட சாம்பல் சிமெண்ட். கூரையில் பிடித்தால் கூரை போயிற்று, புல்லில் பிடித்தால் புல் போயிற்று.

அப்பா பந்தயம் கட்டவில்லை. “கையால. தண்ணி ஒரு சொட்டு படக்கூடாது. காத்தை முதுகுல வாங்கிட்டுப் பெருக்குங்க. எவனாவது குழாயைத் திறந்தா கையை வெட்டுவேன்.”

வியாழக்கிழமை முழுவதும் பெருக்கினார்கள். அணியின் கேப்டன் ரோலி டேலி போலீஸ்காரன். பணி நேரம் முடிந்து சட்டையைக் கழற்றிவிட்டு வந்தான். கூட ஆறேழு பேர், எல்லாம் போலீஸ், தீயணைப்பு, ரொட்டிக் கடை. தென்னந்துடைப்பம், சாக்கு, முகமூடி. அப்பா மட்டும் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். போட்டுக்கொண்டு எப்படித் திட்டுவது?

“கீப்பர், உங்க பதினொரு கோலையும் சேர்த்துப் பெருக்கிடவா?” என்றான் ரோலி.

“அதெல்லாம் பிளிமத்துல பத்திரமா இருக்குடா. உன் சொந்தக் கோல் ரெண்டு இங்க எங்கயோ கிடக்கும், தேடு.”

மாலை நாலு நாற்பதுக்கு, தெற்குக் கோலுக்கு முன்னால் ஒரு பட்டை மட்டும் பாக்கி. ஆறு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். மற்றவர்கள் இரவுப் பணிக்குப் போய்விட்டார்கள். வெனெட்டா நிலையத்திலிருந்து நேராக வந்தாள். அப்பா சாக்கின் மேல் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். இருமல் நின்ற பிறகும் தோள் ஆடிக்கொண்டிருந்தது. முகம் சாம்பலால் வெளுத்திருக்கிறதா, முகமே வெளுத்திருக்கிறதா என்று தெரியவில்லை.

அவர் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிற்று. கிளம்புமுன் அந்த எண்ணத்தோடுதான் ரேடாரையும் பார்த்திருந்தாள்.

“இதை மழைக்கு விட்டுடுங்கப்பா.”

“என்ன மழை?”

“தென்கிழக்குல ஒரு பெரிய திரள் வருது. நடுவுல சிவப்பு. ராத்திரி பதினைஞ்சு மில்லிமீட்டராவது கொட்டும். அலம்பி விட்டமாதிரி ஆயிடும்.”

“தூறலா இருந்தா?”

“இல்லை.”

“உறுதியா?”

“எண்பது சதவீதம்.”

அவர் துடைப்பத்தின் மேல் முகவாயை ஊன்றிக்கொண்டு யோசித்தார். “எண்பதுன்னா அஞ்சுல நாலு. பெனால்டி அடிச்சாலும் அஞ்சுல நாலு உள்ள போகும்.”

“ஆமாம்.”

“மிச்சம் ஒண்ணை நான் பிடிச்சிருக்கேனே.”

“அப்பா, எழுந்திருங்க.”

இத்தனை வருடமாக அவளுடைய கருவிகளைக் கிண்டல் செய்தவர். மலையைப் பார்க்க மெஷின் எதற்கு, ஆட்டைப் பார்த்தால் போதாதா என்பவர். அன்று முதல் தடவையாக அவள் சொன்னதைக் கேட்டார். துடைப்பத்தைக் கோல் கம்பத்தில் சாய்த்தார். “சரி. எஞ்சினியர் சொன்னா சரி.”

திரள் தீவுக்குத் தெற்கே ஒன்பது கிலோமீட்டர் விலகிப் போயிற்று. அதன் ஓரம் மட்டும் பதினோரு நிமிடம் உரசிற்று. வெள்ளிக்கிழமை காலை மழைமானியில் 1.2 மில்லிமீட்டர்.

அவள் மைதானத்துக்குப் போனபோது அவர் ஏற்கெனவே மண்டியிட்டுக் கொத்திக்கொண்டிருந்தார். பட்டை முழுவதும் இறுகி, வெளிறி, தட்டினால் ஓடு மாதிரி ஒலித்தது. கொத்தினால் பெயர்ந்தது, பெயரும்போது புல்லையும் வேரோடு கூட்டிக்கொண்டு வந்தது.

“என் கணக்கு தப்பாயிடுச்சு,” என்றாள்.

“அஞ்சாவது பந்து. அதுவும் ஒருநாள் வரும்.” அவர் நிமிரவில்லை. “ஏழாவது கோல் என் தப்பு, தெரியுமில்ல? கைக்கு நேரா வந்தது. விட்டுட்டேன். அதுக்கப்புறமும் நாலு வாங்கினேன். வெளியே போயிட்டேனா? நின்னேன்.”

“மண்வெட்டியைக் குடுங்க. நான் கொத்தறேன்.”

“உனக்கு ரெண்டு மணிக்கு வேலை. இதை நீ கொத்தினா குழி விழும். போய் அந்த சாக்கைப் பிடி.”

ஒன்று பத்துக்கு ஹெலிகாப்டர் இறங்கிற்று. கமிஷனர் லவெல், பார்படோஸ்காரர், உயரம், வெள்ளைச் சட்டை. மைதானத்தை நீளத்தில் ஒரு தடவையும் குறுக்கில் மூன்று தடவையும் நடந்தார். சங்கச் செயலாளர் டூயிட் குடை பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். வடக்குக் கோலில் குனிந்து புல்லைத் தடவி, “முந்தாநாள் சாம்பல் விழுந்ததாகச் சொன்னார்களே?” என்று நம்பாமல் கேட்டார். டூயிட்டின் முகம் மலர்ந்தது. தெற்குக் கோலுக்கு வந்ததும் கமிஷனர் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். டொக்கென்றது.

“இதில் விழுந்தால் கோல்கீப்பர் முழங்கை போய்விடும்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுவோம், சார்,” என்றார் அப்பா.

“ஞாயிற்றுக்கிழமை இல்லை. நாளைக் காலை எட்டு மணிக்கு நான் ஆன்டிகுவாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எட்டுக்கு இங்கே புல் இருக்க வேண்டும். மிருதுவாக.”

“இருக்கும்.”

“எங்கிருந்து?”

“அது என் கவலை, சார். நீங்க போய் ஆட்டுக்கறி சாப்பிடுங்க.”

வெனெட்டா இரண்டு மணி வேலைக்குப் போகத் திரும்பியபோது அவர் ரோலியின் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். கைப்பிடியைப் பற்றி ஏற இரண்டு தடவை முயன்றார். அவள் பார்த்தாள். ஓடிப்போய் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தாள், போய்விட்டாள்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ரோலி போன் செய்தான். மைதானத்தில் கடைசிச் சாம்பல் கட்டியைக் கொத்தி எடுத்துவிட்டு, கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாராம். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரியில் ஆறு இருபதுக்கு டாக்டர் வெளியே வந்தார். மாரடைப்பு, என்றார். நுரையீரலைப் பற்றியும் ஏதோ சொன்னார். பதின்மூன்று வருடச் சாம்பல் என்றார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு. டூயிட் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கிக்கொண்டு நின்றார்.

“வெனெட்டா, கமிஷனர்கிட்ட நான் பேசிடறேன்மா. இந்த நிலைமையில யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க. ஆட்டம் ஆன்டிகுவாவுக்கே போகட்டும். மரியாதையா இருக்கும்.”

“யாருக்கு மரியாதை?”

டூயிட் தொப்பியைப் பார்த்தார்.

அவள் ரோலியிடம் திரும்பினாள். “மத்தியானம் ஜீப்புல எங்க போனீங்க?”

“செயின்ட் பீட்டர்ஸ் சர்ச்சுக்கு. பின்பக்கத்துல புல் இருக்கில்ல, அங்க சாம்பல் விழல, அதுவும் கீப்பர் வச்சதுதானாம். மிஸ் இசில்மாகிட்ட கேட்டார். முளை அடிச்சுக் கயிறு கட்டி அளந்து வச்சிருக்கார். உடனே வெட்டலாம்னு நான் சொன்னேன். வெயில்ல வெட்டினா செத்துடும், விடியக்காலம் பனியோட வெட்டணும்னார். ஆறு மணிக்கு ஆளுங்களைக் கூட்டிட்டு வரச்சொன்னார்.” ரோலி கைபேசியை எடுத்தான். “இப்ப என்ன பண்றது, வெனெட்டா? வரச்சொல்லவா, வேண்டாமா?”

அவள் உள்ளே மூடியிருந்த கதவைப் பார்த்தாள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பர்மிங்ஹாமில் இப்போது மணி பதினொன்றரை.

“அஞ்சே முக்காலுக்கு வரச்சொல்லு,” என்றாள்.

சனிக்கிழமை சர்ச்சின் பின்புறம் எட்டுப் பேர் நின்றார்கள். மிஸ் இசில்மா ரைலி, சர்ச் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவள், எழுபது வயது, தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு பானை மூலிகைத் தேநீரோடு வந்தாள். வெனெட்டாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டுச் சொன்னாள்:

“எனக்குப் பிடிக்கலைன்னுதான் நேத்து அவன்கிட்ட சொன்னேன். ஞாயித்துக்கிழமை பொம்பளைங்க குதிகால் செருப்பு போட்டுக்கிட்டு வருவாங்க, பள்ளத்துல விழுந்தா யார் பதில் சொல்றதுன்னேன். திங்கட்கிழமை காலையில நல்ல மண்ணு கொண்டாந்து நிரப்பிடறேன்னான். சத்தியமான்னு கேட்டேன். புல் விஷயத்துல நான் பொய் சொல்லியிருக்கேனாங்கறான். ‘பதினொண்ணு வாங்கிட்டு வந்து ஒன்பதுன்னு சொன்னவன்தானே நீ’ன்னேன். ‘அது கோல், இது புல்’னான்.” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டேதான் சரின்னேன்.”

முளைகள் சரியாக இருந்தன. ஆறுக்கு ஒன்றரை. மூலைவிட்டத்தை வெனெட்டா நாடா வைத்து அளந்தாள். இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு. ஓர் ஓரத்தில் மண்வெட்டியால் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கீறிக் காட்டியிருந்தார், எவ்வளவு ஆழம் என்று யாரும் கேட்கவேண்டாம் என்பதுபோல.

ஆறு ஐந்துக்கு வெட்டத் தொடங்கினார்கள். ஓரடி அகலப் பட்டைகள். பாய் மாதிரிச் சுருட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். முதல் பட்டை கிழிந்தது. யாரும் திட்டவில்லை; திட்ட ஆள் இல்லாதது எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டாவதை மெதுவாக எடுத்தார்கள். ஆறு ஐம்பதுக்குக் கடைசிப் பட்டை. ஏழு ஐந்துக்கு பிளேக்ஸ். தீயணைப்புக்காரன் ஒருவன் அடிமண்ணை முள்வாரியால் கிளறினான். ரோலி விரித்தான். வெனெட்டா இணைப்புகளை முட்டவைத்து அழுத்தினாள், விரல் நுழைய இடம் இல்லாமல். ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி உருட்டினார்கள். கிழிந்த பட்டையின் இடத்தில் ஒரு கையகலம் குறைந்தது. ரொட்டிக் கடைக்காரன் ஓடிப்போய் மைதானத்தின் மூலையிலிருந்து ஒரு கட்டி பெயர்த்துக்கொண்டு வந்தான்.

ஏழு ஐம்பத்தாறுக்குக் கமிஷனரின் கார் வந்தது.

அவர் பட்டையின் மேல் குதிகாலை ஊன்றினார். சத்தம் இல்லை. மண்டியிட்டு விரலை இணைப்பில் செருகப் பார்த்தார். ஓரிடத்தில் நுழைந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“புதிய புல். நாளைக்குள் வேர் பிடிக்காது. கோல்கீப்பர் வழுக்கினால்?”

“எங்க கோல்கீப்பர் விழறதுக்குன்னே கடல் தாண்டி வர்றான், சார்,” என்றான் ரோலி. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

“நேற்று இங்கே இருந்த பெரியவர் எங்கே? அவரிடம் ஒன்று கேட்கவேண்டும்.”

டூயிட் வாயைத் திறந்தார். வெனெட்டா முந்திக்கொண்டாள்.

“நேத்து சாயந்தரம் இறந்துட்டார். என் அப்பா.”

கமிஷனர் எழுந்தார். தொப்பியை எடுத்தார். அவர் கண் டூயிட்டிடம் போய், ரோலியிடம் போய், அவர்கள் முழங்காலில் இருந்த மண்ணுக்குப் போயிற்று.

“நான் மிகவும்—”

“சார், புல்லை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.”

குரல் கடுமையாக வந்துவிட்டது. அவள் திருத்தவில்லை. மணி எட்டு ஐந்து. கமிஷனர் தொப்பியை மறுபடி வைத்துக்கொண்டு, மறுபடி மண்டியிட்டு, பட்டையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் அடி அடியாக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். எட்டுப் பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். கிழிந்த பட்டைக்கு வந்ததும் கை நின்றது. அழுத்தியது. இன்னொரு தடவை அழுத்தியது. நகர்ந்தது.

“சரியாக இருக்கிறது,” என்றார். காரின் பானெட்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

நேத்தன் ஃபாரல் மாலைக் கப்பலில் வந்தான். கறுப்பு, ஒல்லி, காதில் ஒரு கடுக்கன். இறங்கியதும் முதல் கேள்வி: “கீப்பர் எங்க? குட்டை ஆணிதான் போட்டிருக்கேன்னு காட்டணும்.” பையைத் திறந்து பூட்ஸை வெளியே எடுத்துவிட்டான். வெனெட்டா சொன்னாள். அவன் பூட்ஸைப் பையில் திரும்ப வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கப்பல்துறை வாசல்வரை நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் வந்தார்கள். தீவில் இருப்பதே ஐயாயிரத்துக்குக் கீழ். ஒன்றுக்கு மூன்று என்று தோற்றார்கள். மூன்றில் இரண்டு தெற்குக் கோலில் போயிற்று. முதல் பாதியில் நேத்தன் இடப்பக்கம் பாய்ந்தபோது ஒரு பட்டை ஓரம் தூக்கிக்கொண்டது. எழுந்து குதிகாலால் மிதித்துச் சரிசெய்துவிட்டு நின்றான். அதற்குப் பிறகு ஒரு பந்தைப் பிடித்தான், அருமையான பிடி. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவன், “ஏய், பதினொண்ணு!” என்று கத்தினான். கத்திவிட்டு உட்கார்ந்துகொண்டான். வெனெட்டா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதன்கிழமை செயின்ட் பீட்டர்ஸில் அடக்கம். அம்மா முந்தின நாள் வந்துவிட்டாள். சர்ச் நிறைந்து பின்பக்கம் வரை ஆட்கள். அங்கே பள்ளம் அப்படியே இருந்தது, ஆறுக்கு ஒன்றரை, இரண்டு அங்குல ஆழம். யாரும் விழுந்துவிடக் கூடாதென்று மிஸ் இசில்மா சுற்றிலும் ஞாயிறு பள்ளியின் நாற்காலிகளைப் போட்டிருந்தாள். நீளத்துக்கு ஆறு ஆறு, அகலத்துக்கு இரண்டு இரண்டு. குதிகால் செருப்புப் பெண்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போனார்கள். மிஸ் இசில்மா வெனெட்டாவிடம் திங்கட்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

ஒன்பது சதுர மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் ஆழம். அரை கன மீட்டர் மண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. சாம்பல் கலக்காத மண்ணாக இருக்கவேண்டும்; இரண்டு ஜீப் நடை. ரோலி எந்த நாள் என்றாலும் வருகிறேன் என்றான். வியாழக்கிழமை அவளுக்குக் காலை வேலை இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை.

பதினாறு நாற்காலிகளும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.